மூணு அஞ்சு புத்தகம்

ரொட்டி வாங்கப் போவார்,
மூன்று மணி நேரம் கழித்து வருவார்.
ரொட்டி இருக்காது.
டயர் கடை ஆ லியோங்கின் மருமகளுக்கு
இரட்டைப் பிள்ளை என்ற சேதி இருக்கும்.

லாபிஸ் ரயிலடியில்
சிகாமட் போகிற யாருக்கோ
ரயில் மறையும்வரை கையாட்டுவார்.
யாரு தாத்தா?
தெரியல. அடுத்த தடவ கேட்டுக்கறேன்.

தோட்டத்தில் பால் லோரி ஓட்டிய காலத்தில்
கிராணி சொன்னாராம்:
சங்கிலிமுத்து,
நீ ஃபாக்டரி வந்து சேர்றதுக்குள்ள
பாலு கட்டிப் போயிடுது.
உன் வாயி மட்டும் கட்ட மாட்டேங்குது.

சவ வண்டி போன அன்று
செம்பனைக் குலை ஏற்றிய மூன்று லோரிகள்
சாலையோரம் ஒதுங்கி நின்றன.
வங்காளதேசத்துப் பையன்கள் இறங்கி
செருப்பைக் கழற்றினார்கள்.
எங்கள் வீட்டில் யாருக்கும்
அவர்கள் பெயர் தெரியாது.

காரியம் முடிந்த மறுநாள்
அப்பா அந்த மூணு அஞ்சு புத்தகத்தை
என் கையில் வைத்தார்.
ஊரெல்லாம் கடன் எழுதும் புத்தகத்தில்
தாத்தா போன் நம்பர் எழுதியிருந்தார்.
வராதவங்களுக்கு நீ சொல்லிடு.

நான்
மணி அடித்தால்
அது ஓயும்வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பவள்.

பக்கம் பக்கமாய்ப் புரட்டினேன்.
*நூறு வெள்ளி திருப்பித் தந்த நல்லவன்.*
*மூணு மணி பஸ் ஹாஷிம்.*
*செல்வநாயகி. புருசனப் பத்திக் கேக்காதே.*
*கோழிக்கடை லிம், பெரியவன்.*
*கோழிக்கடை லிம், சின்னவன். ரெண்டு பேருக்கும் பேச்சு இல்ல.*
*ஆஸ்பத்திரி ரெண்டாங் கட்டில். காது கேக்காது, கத்தணும்.*

கத்தினேன்.
எடுத்தது மகன்.
எங்கப்பா போன வருசமே போயிட்டாரும்மா.
சுடுகாட்டுல உங்க தாத்தாதான்
எங்களச் சிரிக்க வச்சாரு.

பெரிய லிம் கேட்டார்: தம்பிக்குச் சொல்லிட்டியா?
சின்ன லிம் கேட்டார்: அண்ணனுக்குச் சொல்லிட்டியா?

கடைசிப் பக்கம், சிவப்பு மையில்:
*தப்பு நம்பர் அம்மா. கோலத்திரங்கானு. வெள்ளிக்கிழமை.*

சியாப்பா? என்றது ஒரு வயதான குரல்.
பள்ளிக்கூட மலாயில் சொன்னேன்.
இன்னாலில்லாஹி என்றவர்
அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை.

ஏழு வருசத்துக்கு முன்னால்
தண்ணீர் இலாகாவுக்கு அடித்த போன்
அவர் வீட்டில் மணியடித்திருக்கிறது.
குழாயில் மூன்று நாளாய்த் தண்ணி வரல என்று
தாத்தா போட்ட சத்தத்துக்கு
எங்க வீட்டுலயும்தான் வரல என்று
இவர் பதிலுக்குச் சத்தம் போட்டிருக்கிறார்.
அதிலிருந்து வாராவாரம்,
தொழுகை முடிந்து இவர் மீன் கழுவுகிற நேரத்தில்.
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை.

ரொஹானி அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.
அப்பாவின் இடது முழங்கால்.
லிம் வீட்டுச் சண்டைக்கு
ஒரு தராசுதான் காரணம் என்பது.
ஆ லியோங்கின் பேரப்பிள்ளைகளில்
எது மூத்தது என்பதுகூட.

நீதானே அந்தப் பேசாத பேத்தி?
ம்.
உன்னைப் பத்தி மட்டும் அவர் எதுவும் சொன்னதில்லை.
என்கிட்ட கேட்டுக்கிட்டே இருப்பார்,
*என் பேத்தி மனசுல என்ன இருக்கு,*
*உனக்கு ஏதாச்சும் தெரியுமா* என்று.
எனக்கு எப்படித் தெரியும், சொல்லு?
கோலத்திரங்கானுவில இருந்துகிட்டு?

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.
எனக்கு மட்டும்
அதைச் சரியாக முடிக்க வரவில்லை.

அந்தப் பக்கம் எதையோ கழுவுகிற சத்தம்.
என்ன கேட்பதென்று தெரியாமல்
இப்ப தண்ணி வருதா? என்று கேட்டேன்.

வருது. நல்லா வருது.
உங்க ஊர்ல?

போனைக் காதில் வைத்தபடியே எழுந்து
சமையலறைக்குப் போனேன்.
குழாயை முழுக்கத் திறந்து
போனைப் பக்கத்தில் பிடித்தேன்,
அவருக்குக் கேட்கட்டும் என்று.