பத்தாவது கூடு

பிரதேச செயலகத்திலிருந்து படிவம் வந்திருக்கிறது.
பத்தாவது கூடு: "கிராமத்தின் வரலாறு."
கீழே ஐந்து புள்ளிக்கோடு.
வெள்ளிக்கிழமைக்குள் வேண்டுமாம்.

நான் இந்தப் பிரிவின் கிராம சேவகர்.
எழுவான்கரையில் பிறந்தவன்.
எட்டு வருடமாய் பாதையேறி
படுவான்கரைக்கு வந்து போகிறேன்.
(எங்களுக்குப் பாதை என்றால் தண்ணீரில் மிதப்பது.
மோட்டார் பழுதானால்
நடு வாவியில் பாதை நின்றுவிடும்,
மோட்டார்சைக்கிளோடு நானும்.)

முதலில் பெயர்.
இத்தி மரம் நின்ற வட்டை, இத்திவட்டை.
வெள்ளைக்காரன் காலத்து நிலஅளவைப் படத்தில்
எவனோ ஒரு எழுதுவினைஞன்
எட்டிவட்டை என்று போட்டான்.
நிழல் மரம் நஞ்சு மரமானது.
அறுபது வருடம் மனு எழுதினார்கள்.
போன வருடம் வீதியில்
புதுப் பெயர்ப்பலகை நட்டார்கள்: எட்டுவட்டை.
இருப்பதோ இரண்டரை.
மற்ற ஐந்தரையும் எங்கே என்று
உர மானியக் கணக்குக்கு வந்த பிள்ளை கேட்டாள்.
பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பிறகு காணி.
எல்லாம் சின்னவப்போடியாருடையது, வாய்க்கால் உட்பட.
ஐம்பத்தேழு வெள்ளத்தில்
அவரது உறுதிப்பெட்டி மிதந்து போனது.
நீந்திப் பிடித்தவன் முல்லைக்காரன் கணவதி.
திருப்பிக் கொடுத்தானா?
இரண்டு பதில் உண்டு.
இரண்டுக்கும் நீதிமன்றில் இன்னும் தவணை போகிறது.

எழுபத்தெட்டுச் சூறாவளியில்
பள்ளிக்கூடக் கூரையோடு
இடாப்பும் பறந்தது.
வன்னியசிங்கம் மாஸ்டர்
பெயர்களை ஞாபகத்திலிருந்து எழுதினார்.
திகதிகள் ஞாபகமில்லை.
ஆகவே இந்த ஊரில் முப்பத்தொரு பேர்
சனவரி முதலாந் திகதி பிறந்தவர்கள்.
ஓய்வூதியக் கந்தோரில்
வருடா வருடம் சந்தேகப்படுகிறார்கள்.

தொண்ணூறு.
பதிவேட்டில் யூன் மாதம் தொடங்கி
மூன்று வருடப் பக்கங்கள் வெள்ளை.
கிழிபடவில்லை.
எழுத ஆளில்லை,
எழுதப்பட ஆளில்லை.

அந்த வருடத்து ஊரை அறிய
ஒரே ஒரு ஆவணம்தான் உண்டு.
அது அரசாங்கத்துடையதல்ல.
பாதைத் துறையடியில் கடை வைத்திருந்த
ஆதம்லெப்பையின் கடன் கொப்பி.

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு
வாவியைக் கடந்த இரவில்
தராசை விட்டார், சீனி மூட்டையை விட்டார்,
கொப்பியை இடுப்பில் செருகிக்கொண்டார்.
இருபது வருடம் கழித்து
மகன் சபூர்தீன் அதைக் கொண்டுவந்தார்.
ஊர் கொஞ்சம் பயந்தது.
"கடன் கேக்க வரல்ல,
ஆக்கள் இருக்காங்களா எண்டு பாக்க வந்தன்"
என்று சொல்லி, பலநோக்குக் கட்டட வாசலில்
நின்றபடியே வாசித்தார்:

கணவதி மகன் தம்பிராசா, அரைப்போத்தல் தேங்காயெண்ணெய்.
கோயில் கப்புகனார், கற்பூரம், இரண்டு சுருட்டு.
பூரணம், மண்ணெண்ணெய், பால்மா.
வேலாப்போடி மருமகன், சவர அலகு ஒன்று.

எழுபத்துநான்கு பெயர்.
சில பெயருக்குக் கை உயர்ந்தது.
சிலதுக்கு, "கனடா."
இருபத்தாறு பெயருக்கு
ஒரு சத்தமும் இல்லை.
அவர் அடுத்ததை வாசிக்கக் கொஞ்சம் பிந்தினார், அவ்வளவுதான்.

பூரணம் எழும்பி
சீலைத் தலைப்பை அவிழ்த்து
நாற்பத்தொரு ரூபாய் கொடுத்தாள்.
பழைய விலைக்குத்தான்.
"அதுக்கு மேல தரமாட்டன்."
அவர் வாங்கி, பெயரைக் குறுக்கே வெட்டினார்.
ஊரே சிரித்தது.
அவர் சட்டைப்பையில் பேனையை வைக்கும்போது
மூடி போட மறந்துபோனார்.

இதை ஐந்து கோட்டுக்குள் எப்படி வைப்பது?

எழுதினேன்:
இவ்வூரின் சரியான பெயர் இத்திவட்டை.
வெள்ளமும் காற்றும் ஆவணங்களைக் கொண்டுபோயின.
மக்கள் ஒருமுறை முற்றாக வெளியேறினர்,
ஒரு பகுதி திரும்பினர்.
விபரம் மறுபக்கம் பார்க்க.

மறுபக்கத்தில் பதினோராவது கூடு இருந்தது:
"மலசலகூடமற்ற குடும்பங்களின் எண்ணிக்கை."

இது எனக்குத் தெரியும்.
பத்தொன்பது.