இடது விலா

வியாழக்கிழமைகளில் அவர் வருவார்,
கையில் கயிறோ, பின்னால் மாடோ இல்லாமல்.

ஊத்துக்குளி சாலையில் என் கால்நடை மருந்தகம்.
சினை ஊசிக்கு வந்தவை, மடிநோய் கண்டவை,
பாலிதீன் தின்று வயிறு உப்பியவை
வேப்பமரத்தடியில் வரிசையாய் நிற்கும்.
கடைசியில் சென்னியப்பன் நிற்பார்,
மீசையில் கல்மாவு.
உங்க மாடு எங்கே என்று முதல் நாள் கேட்டேன்.
‘மாட்டுக்கு ஒண்ணுமில்லீங்க டாக்டரு,
சந்தேகமெல்லாம் எனக்குத்தான்.’

பூண்டியில் பட்டறை. சாமி செதுக்க மாட்டார்,
அதற்கு அங்கே ஐந்து பேர் இருக்கிறார்கள்.
சாமி ஏறி வருவது மட்டும் இவர் பொறுப்பு:
காளை, குதிரை, மயில், எலி, வைரவரின் நாய்.
‘சாமிக்கு அளவு ஏட்டுல இருக்குதுங்க.
நாய்க்கு அளவு நாய்கிட்டத்தான் இருக்குது.’

ஒரு காங்கேயம் மயிலையின் இடது விலாவில்
அவர் உள்ளங்கையை எடுத்து வைத்தேன்.
பொறுங்கள், என்றேன்.
தோலுக்கு அடியில் ஏதோ புரண்டு படுத்தது,
இரண்டு நிமிடத்தில் மூன்று முறை.
பெருவயிறு, என்றேன், நாலில் ஒன்று.
அவர் கையை எடுக்கவில்லை,
மாட்டுக்காரர் நேரமாச்சென்று
இருமிக் காட்டும் வரை.

அந்த வருடம் சேவூர்ப் பக்கம் போன நந்திக்கு
இடது புறம் ஒரு விரற்கடை பருத்திருந்தது.
நூல் பிடித்துப் பார்த்த ஸ்தபதி கத்தினார்.
‘மேஞ்சுபோட்டு வந்து படுத்திருக்குதுங்க,
சாமி ஏறறதுக்குள்ள செமிச்சிரும்’ என்றார் இவர்.
கூலியில் ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டார்கள்.

பல்லடத்துக் கறிக்கோழிக் கம்பெனி
வாசலுக்கு ஆறடிச் சேவல் கேட்டது.
கொடுத்த படத்தில் நாட்டுச் சேவல், வாலெல்லாம் வில்.
இவர் பண்ணைக்குப் போய் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து
நாற்பதாம் நாள் கோழியைச் செதுக்கினார்:
நெஞ்சு கனத்து, கால் அகன்று,
நிற்பதா உட்காருவதா என்று பாதியில்.
முன்பணம் திரும்பிப் போயிற்று.
பட்டறைக்குப் பின்னால் இருக்கிறது அது.
பக்கத்து வீட்டுப் பெட்டை முட்டையிட்டதும்
அதன்மேல் ஏறி நின்றுதான் கேறும்.

புரட்டாசியில் ஓர் இரவு, குன்னத்தூர்த் தோட்டத்தில்
கன்று குறுக்கே கிடந்தது.
வழியில் பார்த்து என் பைக்கில் ஏறிக்கொண்டவர்
செல்போன் வெளிச்சம் பிடித்தார்.
தோள்வரை கையை விட்டு ஒரு குளம்பைத் தேடினேன்.
மறுகால் மடங்கியிருந்தது.
நானும் தோட்டக்காரரும் அவர் மகனும் கயிறுமாக இழுத்தோம்.
வந்தது. மூச்சில்லை.
தேய்த்தேன், தலைகீழாய்த் தூக்கினேன்,
மூக்குக்குள் வைக்கோல் தாளை விட்டுக் குத்தினேன்.
மாடு திரும்பி நக்க ஆரம்பித்தது.
அதைத் தடுக்க யாருக்கும் கை வரவில்லை.
வெளிச்சம் மட்டும் நடுங்காமல் நின்றது.
அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருந்தது,
இரண்டு மாதம்.

கார்த்திகையில் ஒரு சாக்கை என் மேசைமேல் வைத்தார்.
முழ நீளக் கல்.
கன்று எழுந்துகொண்டிருந்தது.
பின்கால்கள் நிமிர்ந்து, முன்முட்டிகள் இன்னும் தரையில்,
ஈரமயிர் ஒரே பக்கமாய்ப் படிந்து,
நாக்கு போன வழி.
இது எழவே இல்லையே, என்றேன்.
‘மொதல்ல பின்னங்கால்தானுங்களே?’
ஆமாம். முதலில் பின்னங்கால்தான்.
‘அப்பச் செரி’ என்று
சாக்கை உதறி மடித்துக்கொண்டார்.

மருந்துச் சீட்டு பறக்காமலிருக்க அதை வைத்திருக்கிறேன்.
போன வாரம் ஒரு சிந்து மாடு
ஜன்னல் கம்பிக்குள் தலையை நுழைத்து
அதை நக்கியது, கழுத்திலிருந்து வால்வரை.
என் கை வியர்வையின் உப்பாக இருக்கும்.
படித்தவன், வேறு காரணம் சொல்ல மாட்டேன்.
ஆனால் எழுதிக்கொண்டிருந்த சீட்டில்
மாட்டின் வயதை இரண்டு முறை எழுதியிருந்தேன்.

இன்று வியாழன். கடைசி மாடும் போனபிறகு
வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.
‘கழுதை ஏதாச்சும் வந்தா ஒரு போன் போடுங்க.
காது எங்கிருந்து தொடங்குதுன்னு பிடிபடலீங்க.’
யாருக்கு, என்றேன்.
‘யாரும் கேக்கலீங்க.’