முழங்கை

வில்லிசாவ் பள்ளிக்கூடத்துக் கூடம்.
இன்னும் பதினொரு நொடி.
மிலேனாவை மல்லாத்திவிட்டேன்.
நடுவர் ஷ்டோக்கர் குப்புறப் படுத்து
கன்னத்தைப் பாயில் ஒட்டிப் பார்த்தார்.
அவர் பக்கம் இருந்தது என் முதுகு.
பாயை அறைந்தார். விசில்.

அவளது இடது தோள் தரையைத் தொடவேயில்லை.
எப்படித் தெரியும் என்றால்
இடையில் சிக்கியிருந்தது என் முழங்கை.

அவளுடைய பயிற்சியாளர் கத்தினார், நாற்காலியை உதைத்தார்.
மிலேனா கத்தவில்லை.
எலும்பு உறுத்திய இடத்தைத் தடவியபடி
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஷ்டோக்கர் என் கையைத் தூக்கிப் பிடித்தார்.
அதே கை.
பாயின் பொடிப் புள்ளிகள் பதிந்து, சிவந்து,
கூடம் முழுக்கத் தெரியும்படி.

கைதட்டினார்கள்.

திரும்பும் பேருந்தில்
ஜாக்கெட்டை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டேன்.
நல்ல வெயில்.