கடும் கபிலம், மூன்று மில்லிலீற்றர்

கைப்பைக்குள் பஞ்சு சுற்றி
ஜெனிற்றா கொண்டுவந்த குப்பி
ஊசிமருந்துக் குப்பியிலும் சின்னது.
மேலே பென்சிலால்: கடும் கபிலம்.
மூடியைத் திறந்தால் கறுப்பு.
"ஏமாத்திப்போட்டாங்களடி."
"எழுதிப் பாரன்" என்றாள்,
பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே.

சனிக்கிழமை, டச்பே.
சீமெந்துக் கட்டு இன்னும் சூடேறவில்லை.
பேனையைக் கழுவி, உதறி, நிரப்பி,
கூரைத் துடைத்த கடதாசியில் விழுந்தது
பிளேன்டீக் கோப்பையின் அடிமண்டி.

எல்லோரும் முதலில் தங்கள் பெயரை எழுதுவார்கள்.
நான் ழகரம் எழுதினேன்.
ழ ழ ழ
பிறகு ஞ. பிறகு இ.
சுழி சிறுத்தால் அடைத்துக்கொள்கிற மைகள் உண்டு.
இது அடைக்கவில்லை.
ழகரத்தின் கால் திரும்பும் இடத்தில் மட்டும்
கொஞ்சம் நின்று, தேங்கி,
யோசித்துவிட்டுப் போனது.

கொப்பித் தாளில் எழுத்துக்கெல்லாம்
பூனைமயிர் முளைத்தது.
படத்தாளில் முளைக்கவில்லை.
பத்து எண்ணித் தேய்த்தேன், இழுபட்டது.
இருபதில் பெருவிரலில் கொஞ்சம்.
முப்பத்தைந்தில் ஒன்றுமில்லை.
எல்லாவற்றையும் ஓரத்தில் குறித்தேன்,
அதே மையால்.

வலை பொத்திக்கொண்டிருந்த செபமாலையண்ணரை
கேட்காமலே வரையத் தொடங்கினேன்.
தோள். தொப்பி.
கால் பெருவிரலில் கொளுவிய நைலோன் நூல்.
எழும்பி வந்து பார்த்தார்.
"இவ்வளவு கறுப்போ நான்?"
"ஈரம் அண்ணை, காயட்டும்."
ஒரு பீடி முடியும்வரை நின்றார்.
கறுப்பு மெல்ல இறங்கி
சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளின் துருவுக்கு வந்து
அங்கே தங்கிவிட்டது.
"ம். இப்ப நான்தான்.
மூக்குத்தான் தம்பியின்ரை."

மிச்சம் தண்ணீர்ச் சோதனை.
குழாய்த் தண்ணீர் ஒரு சொட்டு போதும் என்பார்கள்.
நான் கச்சேரியில் காணிக் கிளை.
கடல் உள்ளே வந்து போனதற்கு அடுத்த மாசம்
வேலைக்குச் சேர்ந்தவள்.
வெயிலில் உலர்த்தி, அயன் பண்ணி,
சொப்பிங் பையில் வைத்துக் கொண்டுவந்தார்கள்
அனுமதிப்பத்திரங்களை.
தட்டச்சு இருந்தது: வடக்கே ஒழுங்கை, கிழக்கே கடல்.
பரப்பளவு இருந்தது. முத்திரையும் இருந்தது.
பேனையால் பெயர் எழுதிய இடத்தில்
ஊதாநிறத்தில் ஒரு மேகம்.
"இது நான்தான் பிள்ளை" என்று
மேகத்தின் மேல் விரலை வைத்தா ஒரு மனுசி.
நான் பதிவேட்டைப் புரட்டினேன்.
அதுவும் நனைந்திருந்தது.

ஆகவே சோடா மூடியில்
கடலையே அள்ளிவந்தேன்.
இதற்காகத்தான் என் பெயரைத் தள்ளி வைத்திருந்தது.
எழுதினேன். முப்பத்தைந்து எண்ணினேன். ஊற்றினேன்.

முதலில் மஞ்சள் கழன்று ஓடியது.
பின்னால் ஒரு சிவப்பு,
வெட்டிய மாசிக் கருவாட்டின் உள்சிவப்பு.
இந்தக் கபிலத்துக்குள் இத்தனை பேர் இருந்தார்களா?
எல்லோரும் போன பிறகு
சாம்பலாய் ஒரு கோடு அசையாமல் கிடந்தது.
கண்ணைச் சுருக்கினால்
வாசிக்கலாம்.

ஓடிய சிவப்பை வீணாக்காமல்
நனைந்த விரலால் இழுத்துச்சென்று
செபமாலையண்ணருக்கு நிழல் போட்டேன்.

கோட்டைப் பக்கத்திலிருந்து இறங்கி வந்த மான்
படத்தாளைத் திரும்பியும் பார்க்கவில்லை.
பூனைமயிர் முளைத்த ழகரங்களை
மூலையில் பிடித்து இழுத்து
நிதானமாக மென்றது.
அண்ணர் கல் எடுத்தார்.
"விடுங்கோ, அது பிழைத்தாள்" என்றேன்.
அதன் முதுகுப் புள்ளிகளை வரைய
மை தேவையில்லை, சும்மா விட்டாலே வெள்ளை
என்று நினைப்பதற்குள்
பஸ் நிலையப் பக்கம் போய்விட்டது.

திங்கட்கிழமை
வரவுப் பதிவேட்டில் நீலத்தால் ஒப்பமிட்டேன்.
வேறு நிறம் கண்டால்
பிரதம இலிகிதர் கூப்பிட்டு விளக்கம் கேட்பார்.
பக்கத்து மேசை பர்ஹானா
என் கையைத் திருப்பிப் பார்த்தாள்.
"மருதாணியா?"
நகக்கண்ணில் கபிலம்.
இரண்டு நாள், மூன்று குளிப்பு,
ஒரு துண்டு சன்லைட்.
அந்தச் சோதனையைக் குறிக்க மறந்திருந்தேன்.