பதினேழாயிரத்துக்குள்

புதுக்கடை அண்டியாபீஸில்
இருநூறு பெண்கள் தல்லும் சத்தத்தின் வேகத்தை
ஒருநாள் போனில் தட்டிப் பார்த்தேன்.
காலையில் நூற்றுப் பதினெட்டு.
சாயா குடித்த பிறகு நூற்று இருபத்துநான்கு.
சனிக்கிழமை, கூலி நாள்,
எண்ணுக்குள் நிற்கவில்லை.

சீட்டு விழுந்தது பதினேழாயிரம்.
கம்மலைத் திருப்பலாம் என்றாள் அம்மா.
கம்மல் பேங்கில் பத்திரமாகத்தான் இருக்கிறது என்றேன்.

நாகர்கோவிலில் ஏசி போட்ட கடை.
கண்ணாடிக்குள் இரண்டு வட்டு,
நடுவில் ஒரு தள்ளுகட்டை,
எட்டாயிரத்து நூறு.
"புதுசா படிக்கவங்களுக்கு இது போதும் மேடம்,
லைட்டெல்லாம் எரியும்."
ஹெட்போன் எங்கே குத்துவது என்று கேட்டேன்.
திருப்பினான், கவிழ்த்தான்,
அட்டைப்பெட்டியின் படத்தில் தேடினான்.
இல்லை.

அதாவது
அடுத்த பாட்டை நான் மட்டும்
முன்னால் கேட்க வழியில்லை.
கல்யாண மண்டபமும் நானும்
ஒரே நேரத்தில் திடுக்கிட வேண்டும்.
எல்லாரோடும் சேர்ந்து திடுக்கிட
எட்டாயிரம் எதற்கு?

அந்த ஓட்டை உள்ளது இருபத்திரண்டாயிரம்.
தொட்டுப் பார்க்கட்டுமா என்றபோது
அவன் என் விரல்களைப் பார்த்தான்.
அண்டியெண்ணெய் கறுப்பித்த பத்து.
வெள்ளைத் துணி ஒன்றை எடுத்து வந்து
எனக்கா, மெஷினுக்கா என்று தெரியாமல்
கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

கருங்கல் பஸ்ஸில்
மருந்துச் சீட்டின் பின்பக்கம் கணக்கு.
லேப்டாப்: தங்கச்சி ஜெஸ்மிக்கு அரசு கொடுத்தது.
விசிறி மூச்சிரைக்கும், ஆனாலும் ஓடும். சைபர்.
ஸ்பீக்கர்: மண்டபத்தில் இருக்கிறது,
இல்லாத மண்டபத்துக்கு டென்சிங் சவுண்ட்ஸ் இருக்கிறது. சைபர்.
புகை விடும் மெஷின்: எழுதி, அடித்தேன்.
ஹெட்போன்: காதை முழுக்க மூடுவது,
ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
இதில் பிசுக்கினால் பிறகு எல்லாம் வீண்.
மிச்சத்துக்குப் பழையதுதான்.

குளச்சல் ஆன்றோ ஜெபினுக்கு
வியாழக்கிழமை மஸ்கட் பிளைட்.
கட்டிலில் சூட்கேஸுக்குப் பக்கத்தில் கன்ட்ரோலர் கிடந்தது.
மாப்பிள்ளை வீட்டுக்காரி மாதிரி குறை தேடினேன்.
இடது வட்டு சுற்றியது.
வலது வட்டு கொஞ்சம் யோசித்துச் சுற்றியது.
நடுக்கட்டையைத் தள்ளினால்
மீன் பொரிகிற கரகரப்பு.

பதினாறு என்றான்.
மூன்று தடவை தள்ளிப் பொரித்துக் காட்டினேன்.
பதினாலு.
"கிளீனர் அடிச்சா போயிரும் பிள்ளே."
"அப்போ நீ அடிச்சிட்டு பதினாறுக்குக் குடு."
நாலாவது தடவை தள்ளினேன்.
பதிமூணரை.
ஸ்பீக்கருக்குப் போகிற கேபிளைத்
தேடித் தருகிறேன் என்றான், தரவில்லை.
வட்டின் ஓரத்தில் அவன் ஒட்டியிருந்த
சிவப்பு ஸ்டிக்கரை ஒருமுறை தடவினான்.
அதைக் கிழிக்க வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை,
அவனும் கிழிக்கவில்லை.

என் போனுக்கு என் பெருவிரல் தெரியாது.
ரேகை தேய்ந்து இரண்டு வருஷம்.
ரேஷன் கடை மெஷினும்
நாலு தடவை நான் இல்லை என்றுதான் சொல்லும்,
றோஸ்லெட் அக்காவையும் அப்படியே.
அன்று ராத்திரி அடுக்களை மேசையில்
ரப்பர் கட்டம் ஒன்றை அழுத்தினேன்.
யார் என்று கேட்காமல் எரிந்தது.

ஒரு காதில் ஹெட்போன்,
இன்னொரு காதில் தகரத்தின் மேல் மழை.
நூற்றுப் பதினெட்டில் ஒரு பாட்டு,
நூற்று இருபத்துநான்கில் இன்னொன்று.
பின்னதை ஒரு நூல் இறக்கினேன்,
முந்தியது.
இன்னும் அரை நூல்,
இப்போது பிந்தியது.
யோசிக்கிற வட்டை விரலால் லேசாக உந்தினேன்.
ஒரு நொடி
இரண்டு பேரும் ஒரே அண்டியைத் தல்லினார்கள்.
பிறகு பிரிந்தார்கள்.

தண்ணீர் குடிக்க வந்த அம்மா
விளக்குகளைப் பார்த்தாள்,
காது கொடுத்து நின்றாள்.
"இவ்வளவு பைசா போட்டு வாங்கி
சத்தமே இல்லியே?"

வரும் அம்மா.
முதல்ல எனக்கு.