தராசுக்கு ஒரு பொட்டு

கடைவாய்ப் பல் ஒன்று விரிசல் விட்டிருந்தது.
சீடை கடித்தீர்களா என்றார் பல் டாக்டர் நஸ்ரின்.
இல்லை.
நண்டு?
இல்லை.
விளக்கை என் வாய்க்குள் சாய்த்துக்
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
பிறகு சொன்னார்:
ராத்திரி முழுக்க உங்களையே கடித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

உதடு சேர்ந்திருக்கலாம்.
மேல்பல்லும் கீழ்ப்பல்லும்
சாப்பாட்டு நேரம் தவிரச் சந்திக்கவே தேவையில்லையாம்.
நாற்பத்து மூன்று வயதில்
காரைக்குடி செக்காலை ரோட்டில் மாடிப்படி இறங்கும்போது
இது எனக்குப் புதுச் செய்தி.

கண்ணில் படுகிற இடத்திலெல்லாம் எதையாவது ஒட்டுங்கள்,
பார்க்கும்போதெல்லாம் தாடையை விடுங்கள் என்றிருந்தார்.
கைப்பையில் ஒரு அட்டை ஸ்டிக்கர் பொட்டு கிடந்தது,
அரக்குச் சிவப்பு, ஆறாம் நம்பர்.
ஸ்கூட்டி கண்ணாடிக்கு ஒன்று.
மிக்ஸி மூடிக்கு ஒன்று.
தண்ணி மோட்டார் சுவிட்சுக்கு.
உமையாளின் கணக்கு நோட்டு அட்டைக்கு,
அதை அவள் அன்றைக்கே பிய்த்துப் போட்டாள்.
புதுவயல் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் கவுண்டரில்
எலக்ட்ரானிக் தராசின் நெற்றிக்கு.

முதல் வாரம் முன்னைவிட மோசம்.
பொட்டைப் பார்க்கிறேன், தாடையை விடுகிறேன்,
விட்டோமா, சரியாக விட்டோமா என்று
தோளை இறுக்குகிறேன்.
தளர்வதற்கும் டார்கெட் வைத்து
டைரியில் கோடு போட்டேன்.
செவ்வாய் பதினேழு, புதன் பதினொன்று.
புதன் குறைந்ததற்கு என்னையே திட்டிக்கொண்டேன்.
கதிரேசன் புரட்டிப் பார்த்துப்
பால் கணக்கா என்றார்.

வெள்ளிக்கிழமை நகை வைக்க மனசு வராது யாருக்கும்,
அதனால் வியாழன் கூட்டம்.
மில்லில் நெல் அவிகிற வாசம் ஜன்னல் வழியே
கவுண்டர் வரை வந்து வரிசையில் நின்றது.
சூசைமாணிக்கம் சம்சாரத்தின் சங்கிலியைத் தட்டில் வைத்தார்.
கையை எடுக்கவில்லை.
விரல்நுனி தட்டின் விளிம்பிலேயே.
எண் ஓடியது.
பதினாறு, பதினெட்டு, பதினேழரை, மறுபடி பதினாறு.

"கையை எடுங்கண்ணே. தராசு நிக்கட்டும்."

நாளைக்கு நாற்பது தடவை
பத்தொன்பது வருஷமாகச் சொல்கிற வாக்கியம்.
அன்றைக்குத்தான் என் காதில் விழுந்தது.
அவர் எடுத்தார்.
எண் ஒரு தடவை ஏறி, ஒரு தடவை இறங்கி
நின்றது.
நானும் மேஜை விளிம்பிலிருந்து என் இடது கையை எடுத்தேன்.
அது அங்கே பிடித்துக்கொண்டிருந்ததே எனக்குத் தெரியாது.
நகம் வெளுத்திருந்தது.

"ஏம்மா, தராசுக்குப் பொட்டு வெச்சிருக்கீங்க?"
ஆயுத பூஜைக்கு வைத்தது என்றேன்.
சுவரில் சித்திரை மாசக் காலண்டர்.
அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
சங்கிலி உள்ளே போகிற நேரத்திலும் சிரித்தார்.
பதினாறு கிராம், நானூறு மில்லி.

சாயங்காலம் ஸ்ரீராம் நகர் ரயில்வே கேட் அடைத்திருந்தது.
வழக்கமாக நான் இன்ஜினை அணைப்பதில்லை.
ஆக்சிலரேட்டரை முறுக்கி முறுக்கி
ராமேஸ்வரம் வண்டியை நான்தான் இழுத்து வருவதாக
எண்ணம்.
கண்ணாடிப் பொட்டைப் பார்த்து அணைத்தேன்.
எவ்வளவு சத்தம் என்னுடையதாக இருந்திருக்கிறது!
பின்னால் புளிச்சாக்கு ஏற்றிய மினி வேனில்
டிரைவர் கதவைத் திறந்துபோட்டு
நகம் வெட்டிக்கொண்டிருந்தான்.
வெட்டியதை ஊதிவிட்டு அடுத்த விரல்.
அவனுக்கு யாரும் பொட்டு ஒட்டவில்லை.

வண்டி வந்தது.
ஜன்னலோரம் ஒருவர் வாய் பிளந்து தூங்கிக்கொண்டு போனார்,
பற்களுக்கு நடுவே தாராளமான இடம்.
டாக்டர் நஸ்ரின் பார்த்தால் சந்தோஷப்படுவார்.

எல்லா நாளும் இப்படி இல்லை.
நேற்று ஆடிட்.
இன்று வலது தாடை மறுபடி வலிக்கிறது.
தராசுப் பொட்டு ஓரம் சுருண்டுவிட்டது,
நானே ஒரு விரலால் அழுத்தி வைத்தேன்.
மிக்ஸி மூடியில் இருந்ததைக் காணோம்.
காலையில் தேங்காய்ச் சட்னி அரைத்தபோது இருந்தது,
மூன்று பேரும் சாப்பிட்டோம்.
யார் வயிற்றில் இருக்கிறதோ,
அவர் நிம்மதியாக இருக்கட்டும்.