கைமாற்று

பார்னுவில் ஜூலை மாதம்
இரவு ஒன்பதுக்கும் வெயில்.
செம்மண் ஆடுகளம், கடல்காற்று,
எதிரே மாரிக்கா.

அவளிடம் பேக்ஹேண்ட் கிடையாது.
வலப்பக்கம் அடித்தால் வலக்கை.
இடப்பக்கம் அடித்தால்
வலக்கை இடக்கைக்கு
மட்டையைக் கைமாற்றாய்க் கொடுக்கும்;
பத்திரமில்லை, வட்டியில்லை,
அடுத்த பந்துக்குள் திரும்பிவிடும்.

பதினோரு கோடையாய்த் தோற்கிறேன்.
எந்தக் கையால் கையெழுத்திடுவாய் என்றால்
பேனா எந்தப் பக்கம் கிடக்கிறதென்று பார்ப்பேன்
என்பாள், மீன் ஆலைக்காரி.

டைபிரேக். எனக்கு ஆறு, அவளுக்கு ஐந்து.
பக்கமே பார்க்காமல்
நெஞ்சுக்கு நேரே அடித்தேன்.

மட்டை அப்போது எந்தக் கையிலும் இல்லை.
கொடுத்த கை விட்டுவிட்டது,
வாங்கும் கை இன்னும் மூடவில்லை.
பந்து அவள் கழுத்தெலும்பில் பட்டது.
மட்டை புழுதியில்.

ஜெயித்துவிட்டேன்.
நடுவர் நாற்காலியில் ஒரு கடற்காகம்,
அதுவும் வேறெங்கோ பார்த்தபடி.

வலையருகே கை நீட்டினேன்.
எதைத் தருவதென்று தயங்கினாள்,
நான் பார்த்து முதன்முறையாக.
பிறகு இடக்கையைத் தந்தாள்.
என் வலக்கைக்குள் அது
ஏறுமாறாய், சூடாய், மண்ணோடு.

உடனே திருப்பித் தந்துவிட வேண்டும்
போலிருந்தது.